உப்புக் கிடங்கு வீடு

ஆம்பூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் அறையையோ ஜன்னலையோ முதலில் பார்ப்பதில்லை. நேராகப் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து, ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். தோல் பதனிடுகிற டேனரிகள் பெருத்த பிறகு பாலாற்றங்கரைத் தண்ணீர் தெருவுக்குத் தெரு ஒரு ருசி. ஒரு தெருவில் உப்பு, அடுத்த தெருவில் கசப்பு, அதற்கடுத்ததில் நாக்கில் துணி ஒட்டினதுபோல ஒன்று. டேனியல் இதில் பேர்போனவன். சொந்தக்காரர்கள் வீடு பார்க்கப் போனால் அவனையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அவன் துப்பினால் அந்த வீடு வேண்டாம். விழுங்கினால் சாமான் ஏற்றலாம்.

அவன் தனக்காக விழுங்கின வீடுகளுக்கும் குறைச்சல் இல்லை. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், மறுபடியும் ஆம்பூர். ஒரு வீட்டில் காற்று வரவில்லை. ஒரு வீட்டில் மாடிக்காரன் பையன் பந்து உருட்டினான். ஒரு வீட்டில் ஒரு குறையும் இல்லை, அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. தோலுக்குக் கலர் அடிக்கிற ஸ்ப்ரே மெஷினில் அவன் கை சுத்தம். வாங்குகிறவன் அனுப்பின மாதிரித் தோல் துண்டைப் பார்த்து அதே கலரைக் கலந்து கொண்டுவந்துவிடுவான். அதனால் எந்த டேனரியும் அவனைக் கூப்பிடும். கூப்பிட்டால் போய்விடுவான். அவன் போனால் வீடும் போகும்.

அவன் மனைவி அமிர்தவள்ளி ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். தைத்து வருகிற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடம், பசை வழிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. சரிசெய்ய முடிந்தது ரீவொர்க், முடியாதது ரிஜெக்ட். மகள் நிஷா காட்பாடிப் பக்கம் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள்.

போன கோடையில் வெளிநாட்டு ஆர்டர் கம்மியாகி, ரெண்டு பேருக்கும் வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்று ஆனபோது, இருந்த மாடி வீட்டை விட்டுவிட்டு சந்துக்குள் இஷ்தியாக் அகமதுக்குச் சொந்தமான இந்த ஒற்றை அறைக்கு வந்தார்கள். ரெண்டு மாசம் தள்ளினால் போதும் என்றான் டேனியல். இஷ்தியாக் பாயின் அப்பா காலத்தில் அது உப்புக் கிடங்கு. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடுகிற உப்பை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்த இடம். உப்பு போன பிறகும் சுவர் அதை மறக்கவில்லை. மழை வந்தால் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். சுவரோடு ஒட்டி எதை வைத்தாலும் தின்றுவிடும். பீரோவின் முதுகு துருப்பிடித்தது. ஷோகேஸின் பின்பலகை ஊறி விரிந்தது.

மற்ற சாமான் எல்லாம் அட்டைப் பெட்டிகளில் இருந்தது. கம்பெனியில் ஷூக்களை மொத்தமாக அடுக்கி அனுப்புகிற பெரிய பெட்டிகள், பக்கத்தில் ஐரோப்பாக்காரன் சைஸ் அச்சடித்தவை. கூரைத் தகடு வரைக்கும் அடுக்கி, நடுவில் மூன்று பேர் நீட்டிப் படுக்க மட்டும் இடம் விட்டிருந்தார்கள். யாராவது வந்தால் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவார்கள். உள்ளே கூப்பிட வழியில்லை.

அமிர்தவள்ளி முதலில் அழுதாள். பிறகு அழ நேரமில்லை. கம்பெனிக்கு நடந்தே போகலாம். இதற்கு முன்னால் விடியாத நேரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக மெயின் ரோட்டில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பாள். இப்போது டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். மதியம் வந்து சூடாகச் சாப்பிடலாம். ஒரே ஒரு பெட்டியைத்தான் அவள் பிரித்தாள். அதில் இருந்த மூன்று தட்டு, ரெண்டு குண்டான், ஒரு தோசைக்கல்லிலேயே கோடை போய், ஆடி போய், ஐப்பசியும் வந்துவிட்டது. மற்ற பெட்டிகளில் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோனது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டேனியல் சிரித்த முகமாக வந்தான். கையில் மக்கன் பேடா இனிப்புப் பொட்டலம். அமிர்தவள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ராணிப்பேட்டைக்குப் போய்ட்டு வர்றியா?"

"எப்டிமா கண்டுபுடிச்ச?"

"மக்கன் பேடா அந்தப் பக்கம் போனாதான வாங்கினு வருவ. இன்னா, வூடு பாத்துட்டியா?"

"வேலையும் பாத்துட்டேன், வூடும் பாத்துட்டேன்." டேனியல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். "சூப்பர்வைசர். இனிமே நான் ஸ்ப்ரே அடிக்க மாட்டேன். அடிக்கிறவன் பின்னாடி நிப்பேன். வூடு மாடில. ரெண்டு பெட்ரூம். தண்ணி குடிச்சுப் பாத்தேன் அமிர்தம், கல்கண்டு."

"நீ குடிச்ச தண்ணி எல்லாம் மொத நாள் கல்கண்டுதான்."

நிஷா படுத்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "ப்பா, எனக்குத் தனி ரூமா?"

"தனி ரூமு. கதவு சாத்திக்கலாம்."

"ஐயோ, கதவு!" என்றாள் நிஷா. "கதவுன்னு ஒண்ணு இருக்குறதே மறந்துபோச்சுப்பா எனக்கு."

"ஞாயித்துக்கெழமை கோயில்ல ஆராதன முடிஞ்சதும் யாசிர் வண்டி எடுத்துனு வர்றான். பாய் கிட்டயும் சொல்ட்டேன். பெட்டி எல்லாம் கட்டினபடியே இருக்குது. தூக்கிப் போட வேண்டியதுதான். எவ்ளோ சுலபம் பாரு."

அமிர்தவள்ளி வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். வெளியே போய்ப் போட்டுவிட்டு வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் வரல."

"இன்னா வரல?"

"ராணிப்பேட்டைக்கு வரல. எங்கயும் வரல. இங்கதான் இருப்பேன்."

டேனியல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இந்த உப்புக் கோடவுன்லயா?"

"இங்கதான்."

"பைத்தியமா உனக்கு? நீதான கேட்ட, ரெண்டு பெட்ரூம் வேணும், பெருசா கிச்சன் வேணும்னு? மேல்விஷாரத்துல இருந்தப்ப உசுர வாங்கினியே."

"கேட்டேன். நான்தான் கேட்டேன். இல்லன்னு சொல்லல. இப்ப நானே வேணான்றேன்."

"இன்னாத்துக்கு?"

"எனக்குத் தூக்கம் வருது இங்க."

"ராணிப்பேட்டையில தூக்கம் வராதா? அங்க இன்னா, எல்லாரும் முழிச்சினே இருக்குறானா?"

நிஷா சிரிப்பை அடக்கினாள். அமிர்தவள்ளி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு டேனியலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"கேளு நிஷாப்பா. ஒவ்வொரு வூட்லயும் எழுந்தா வாசல் எந்தப் பக்கம்னே தெரியாது எனக்கு. வாணியம்பாடில இடது பக்கம். பேரணாம்பட்டுல தல மாட்டுல. எழுந்து போய் சுவத்துல முட்டிக்குவேன். எத்தினி வாட்டி நெத்தில வீங்கிச்சு, நீ கேட்டியா? இங்க வந்து எனக்கு வாசல் தெரியுது. கண்ண மூடினே போய் கதவத் தொறப்பேன். இத வுட்டுட்டு மறுபடியும் ஒரு வூட்ல போய் சுவத்துல முட்டிக்க சொல்றியா?"

"வாசலுக்காக ஒரு சூப்பர்வைசர் வேலய வுட சொல்றியா நீ?"

"வேலய வுடுன்னு யாரு சொன்னா? நீ போ. வேல செய். வூட்ட எதுக்கு முதுகுல கட்டினு போற?"

"ஞாயித்துக்கெழமை வண்டி வரும்" என்றான் டேனியல். மக்கன் பேடாவை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே ஒன்றை எடுத்துச் சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் அமிர்தவள்ளி சந்து முனைக்குப் போனாள். இஷ்தியாக் பாய் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முன்பு தோல் கமிஷன் வியாபாரம். இப்போது முட்டி வலி.

"பாய், நாங்க காலி பண்ணல."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "உன் வூட்டுக்காரு சொல்ட்டாரே மா, ஞாயித்துக்கெழமைன்னு."

"அவரு சொன்னாரு. நான் சொல்லல."

"இது இன்னா பேஜார் மா? நான் ஃபைஸான் கிட்ட வார்த்த குடுத்துட்டேன். ஷூவுக்கு சோல் வாங்கி வெச்சிக்கினு எடம் இல்லாம அலையறான் என் தங்கச்சி மவன். ஒனக்கு இந்த எடம் இன்னாத்துக்கு? மனுஷன் இருக்குற எடமா அது? நானே ரெண்டு மாசம்னுதான் வுட்டேன்."

"மனுஷங்கதான் இருந்தோம் பாய். ஆறு மாசமா."

"சுவத்துல உப்பு ஊத்துது மா."

"சுவத்துல ஒண்ணும் சாச்சி வெக்க மாட்டேன். நடுவுல இருந்துக்கறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "குடும்பத்துல பேசி முடிச்சிக்கினு வா. புருஷன் ஒண்ணு சொல்றது, பொஞ்சாதி ஒண்ணு சொல்றது, நான் யாரு பேச்ச எடுத்துக்கறது? ஞாயித்துக்கெழமை சாவி வாங்க வருவேன்."

"வாங்க பாய். வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை கம்பெனியில் வேலை இல்லை. நிஷா கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். டேனியல் பழைய டேனரியில் கடைசி லாட்டுக்குக் கலர் முடித்துக்கொடுக்கப் போயிருந்தான். அமிர்தவள்ளி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் பெட்டியை இழுத்து இறக்கினாள். டேப்பைக் கிழித்தாள்.

பக்கத்துப் போர்ஷன் கமலம் வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து ஏஜெண்ட் கொண்டுவந்து போடுவான். கையால் தைத்துக் கொடுக்கவேண்டும். ஊசியைக் குத்தி இழுத்து இழுத்து அவள் சுண்டுவிரல் ஓரத்தில் காய்ப்பு.

"இன்னா அமிர்தம், கட்டினதப் பிரிக்கிற? பிரிச்சத கட்டுவாங்க காலி பண்றவங்க."

"செக்கிங் பண்றேன் கமலாக்கா."

"வூட்லயுமா?"

"ஆமா. கம்பெனில ஒரு ஷூ கோணலா இருந்தா ரிஜெக்ட் பண்றோம். இங்க இன்னா இருக்குதுன்னே பாக்காம ஊரு ஊரா தூக்கினு திரியறோம்."

அவள் கம்பெனியில் செய்கிற மாதிரியே செய்தாள். ஒவ்வொரு சாமானையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இங்கே வந்த பிறகு தேடினதா? தேடினது என்றால் பாஸ். தேடாதது என்றால் சிவப்பு அம்பு. பையில் மறந்து வந்த ஸ்டிக்கர் தாள் ஒன்று அவளிடம் இருந்தது. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட்டுக்கு அம்பு. கறி அரைக்கிற மெஷினுக்கு அம்பு. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிற ஊர்களில் துணி போட்டு மூடியே வைத்திருந்த வாஷிங் மெஷினுக்கு அம்பு. நிஷா மூன்றாம் வகுப்பில் போட்ட யூனிபார்மைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு அதற்கும் அம்பு. தன்னுடைய, டேனியலுடைய கல்யாணப் போட்டோவுக்கு ஒட்டப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

"அது பாஸா?" என்றாள் கமலம்.

"அது ரீவொர்க்."

கமலம் ஊசியைத் தோலில் குத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் எழுந்து வந்து கூடவே இறக்கினாள். சந்தில் செய்தி பரவிவிட்டது. செக்கிங் டேபிளில் கூட நிற்கிற மோகனா வந்து வாஷிங் மெஷினைக் கேட்டாள். பீங்கான் செட்டைக் கோயில் சமையலுக்கு எடுத்துக்கொண்டார்கள். பீரோவைப் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏற்றினான். தட்டுகளில் ஒரு கட்டைக் கமலத்தின் கையில் வைத்தாள் அமிர்தவள்ளி.

"எனக்கு எதுக்குடி?"

"உன் வூட்டுக்கு ஆளு ஜாஸ்தி வருது. எனக்கு மூணு போதும்."

"நாளைக்குக் கேப்ப."

"கேக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் நிஷா கல்லூரியிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அறையில் தரை தெரிந்தது. சிமெண்டுத் தரையில் வெளிச்சம் விழுந்து பின்சுவர் வரைக்கும் போயிருந்தது. இத்தனை நாளாக அந்தச் சுவரை அவள் பார்த்ததே இல்லை.

"என் டேபிள் எங்க?" என்று கத்தினாள்.

"இருக்குது. பின்னாடி தொடச்சி வெச்சிருக்கேன். உன் சாமான நீ பாரு, நான் தொடல."

நிஷா பையைக் கழற்றாமலே உள்ளே நடந்தாள். நடு அறையில் கையையும் காலையும் அகட்டிப் படுத்தாள். ஒரு பக்கம் உருண்டாள். மறுபக்கம் உருண்டாள். எதுவும் இடிக்கவில்லை.

"ம்மா, இந்த ரூமு இவ்ளோ பெருசா?"

"அப்டியேதான் இருந்துச்சு."

"ஆனா கதவு வேணும்மா எனக்கு."

"குறுக்கால ஒரு ஸ்கிரீன் கட்டித் தர்றேன். அதுக்கு மேல கேக்காத."

"ஸ்கிரீனு கதவாவுமா?" என்றாள் நிஷா. பதிலுக்குக் காத்திராமல் மறுபடியும் உருண்டாள்.

டேனியல் வந்தபோது பொழுது சாய்கிற நேரம். பெட்டிகளுக்கு அடியில் கிடந்த அவனுடைய பெரிய திவான் மட்டும் வாசலோரமாக மிஞ்சியிருந்தது. மெத்தையின் மூலையில் சிவப்பு அம்பு. அதைக் கேட்டு யாரும் வரவில்லை, அவ்வளவு கனம். அவன் அறையை ஒரு சுற்று நடந்து வந்தான்.

"எங்க?"

"குடுத்துட்டேன்."

"எல்லாமா?"

"வேணுன்றது இருக்குது. நீ பாரு. உன் துணி, உன் கலர் கலக்குற டப்பா, ரேடியோ."

"யாரக் கேட்டு குடுத்த?"

"நீ யாரக் கேட்டு வண்டி சொன்ன?"

அவன் கத்தினான். அவளும் கத்தினாள். கமலம் தன் போர்ஷனில் டிவி சத்தத்தைக் குறைத்தாள், நன்றாகக் கேட்கட்டும் என்று. "நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவான், சூப்பர்வைசர் வூட்ல ஒக்கார ஒரு சேர் இல்லன்னா" என்றான் டேனியல். "ஒக்காரச் சொல்லி எந்த நாலு பேர நீ உள்ள கூப்ட்ட?" என்றாள் அவள். நடுவில் நிஷா மெதுவாக வந்து டேனியலின் சட்டைப் பையின் மேல் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

டேனியல் குனிந்து அம்பைப் பார்த்தான். கோபப்பட்டு முடிக்க முடியவில்லை. திவானில் உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது.

"உனக்குத் தெரியாது அமிர்தம். எங்கப்பா டேனரி குவார்ட்டர்ஸ்ல இருந்தாரு. நான் பொறந்ததே அங்கதான். ஒரு நாள் டேனரிய மூடிட்டாங்க. மேஸ்திரி வந்து காலி பண்ணுன்னான். அவன் எங்கப்பாவோட தோஸ்த்து. ஒண்ணா சாப்ட்டவன். எங்கப்பா ஒரு வார்த்த பேசல. அடுப்புல ஒல கொதிச்சினு இருந்துச்சு. எங்கம்மா அத அப்டியே எறக்கி கீழ கொட்டிட்டு வந்தாங்க. அன்னிக்கே முடிவு பண்ணேன். எவனும் நம்மள போன்னு சொல்றதுக்கு முன்னாடி நாமளே போய்டணும்."

அமிர்தவள்ளி அவனுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"போனியே, ஒவ்வொரு வூட்டுலருந்தும். அப்ப யாராவது உன்ன போன்னு சொன்னாங்களா?"

டேனியல் சட்டையிலிருந்த அம்பை நகத்தால் உரித்தான்.

"சொல்லாதப்பவே போனா, சொன்ன மாதிரிதான நிஷாப்பா? இன்னா வித்தியாசம்?"

"எனக்குத் தெரியல."

"எனக்கு வெக்கம் இல்ல. யாராவது வந்து போன்னு சொன்னா, நான் இந்த எடத்துலயே நின்னு ஏன்னு கேப்பேன். நீ ராணிப்பேட்டைக்குப் போ. மேல்விஷாரத்துக்குப் போ. போறதுக்கு நெறைய வூடு பாத்தாச்சு. வர்றதுக்கு ஒண்ணு இருக்கட்டும்."

டேனியல் எழுந்து வெளியே போனான். திரும்பி வந்து சாப்பிட்டான். வண்டி வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலையிலேயே வானம் கல்போல இருந்தது. மலைப்பக்கம் கறுத்துக்கிடந்தது. கோயிலிலிருந்து வந்ததும் அமிர்தவள்ளி கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு கூட்டிவைத்தாள். பெரிய குண்டானில் கேழ்வரகுக் களி கிளறினாள். யாசிர் எப்போது வந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். அவர்கள் வீடு மாற்றின பல தடவையும் அவன் வண்டிதான்.

குட்டியானை வண்டியைப் பின்பக்கமாகவே சந்துக்குள் விட்டு நிறுத்தினான் யாசிர். இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, ஏற்கெனவே ஒரு டிரிப் அடிச்சிட்டீங்களா? வேற வண்டி வெச்சிட்டீங்களா? சொல்லவேல்ல பாத்தீங்களா."

"ஒரு டிரிப்பும் இல்ல."

"பீரோ எங்க? எந்தப் பக்கம் சாச்சா கதவு தொறக்கும்னு எனக்குத்தான் தெரியும்."

"பீரோ போச்சு. திவானத் தூக்கு."

"திவானு மட்டுமா? இதுக்கு எதுக்குண்ணா குட்டியானை? சைக்கிள்ல வெச்சுத் தள்ளியிருக்கலாம்."

டேனியல் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தான். சந்தில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அமிர்தவள்ளி உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. களி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். திவான் வண்டியில் ஏறியது. நடுவில் தனியாக, ஆள் இல்லாத பந்தலில் போட்ட மேடைபோல நின்றது. டேனியல் துணிப்பையை முன்சீட்டில் வைத்தான். கதவைச் சாத்தவில்லை.

அப்போது இஷ்தியாக் பாய் கைத்தடியோடு வந்தார். கூட ஃபைஸான், அளவு எடுக்க டேப் கொண்டுவந்திருந்தான்.

"ஆச்சா டேனியல்? சாவி குடு."

டேனியல் சட்டைப் பையில் கை விட்டான். சாவி அங்கேதான் இருந்தது. எடுக்கவில்லை. நிஷா வாசலில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேகமாக ஒரு காற்று வந்தது. அடுத்த நொடி மழை, தூறல் எதுவும் இல்லாமல் நேரடியாகக் கொட்டியது.

"உள்ள வாங்க பாய், முட்டி நனையுது!" என்றாள் அமிர்தவள்ளி.

எல்லாரும் ஓடினார்கள். பாய், ஃபைஸான், யாசிர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், தைத்துக்கொண்டிருந்த தோலை முந்தானையில் மூடிக்கொண்டு கமலம், கடைசியாக டேனியல். அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்தும் காலை நீட்ட இடம் இருந்தது. கூரைத் தகட்டில் மழை இரைச்சல். கருவாட்டு வாசனை அறை முழுக்க நின்றது.

"சாப்டுங்க" என்றாள் அமிர்தவள்ளி. மூன்று தட்டை எடுத்துவைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு கமலத்தைப் பார்த்தாள்.

"நேத்து கேக்க மாட்டேன்ன" என்றாள் கமலம்.

"கடன்தான்க்கா. கழுவித் தர்றேன்."

"என் தட்டு இப்ப. தேச்சித் தரணும்." கமலம் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்த் தட்டுக் கட்டைக் கொண்டுவந்தாள்.

"களியா?" என்றார் இஷ்தியாக் பாய். "டாக்டர் சாப்டச் சொல்றான், எங்கூட்ல எவ கிளர்றா." முட்டியை மெதுவாக மடக்கி உட்கார்ந்து ஒரு உருண்டையைக் குழம்பில் தோய்த்தார். ஃபைஸான் டேப்பைக் கீழே வைத்துவிட்டு ரெண்டாவது உருண்டைக்குப் போய்விட்டான்.

யாசிர்தான் முதலில் நினைத்துக்கொண்டான். "அண்ணா! திவானு! தார்ப்பாய் சீட்டுக்குப் பின்னாடி இருக்குது, வாங்க, போட்டுடலாம்!"

டேனியல் எழுந்து வாசலுக்கு வந்தான். திறந்த வண்டியில் திவான் நனைந்துகொண்டிருந்தது. மெத்தை தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பருத்தது. ஓரத்திலிருந்து வழிந்த தண்ணீர் மண்ணில் பழுப்பாக ஓடியது. யாசிர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றான். டேனியல் வழி விடவில்லை.

"வுட்றா. நனையட்டும்."

"கெட்டுப்போவும்ணா."

"போவட்டும்ன்றேன்ல."

வண்டியின் முன்சீட்டிலிருந்து துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, நனைந்தபடி உள்ளே வந்தான். அமிர்தவள்ளி அவனைப் பார்க்காமல் தட்டில் களி வைத்து நகர்த்தினாள். அவன் பாய்க்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அப்ப சாவி?" என்றார் இஷ்தியாக் பாய்.

"காலி பண்ணல பாய்."

"ராணிப்பேட்ட வேல?"

"போவேன். காலைல ரயிலுக்குப் போய்ட்டு ராத்திரி வருவேன். பாதி ஆம்பூர் அப்டித்தான் போய்னு வந்துனு இருக்குது."

ஃபைஸான் மாமாவைப் பார்த்தான். பாய் மெல்லுவதை நிறுத்தினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"டேனியல், எடம் என்னுது. நான் போன்னு சொன்னா?"

நிஷா தட்டில் விரலை வைத்தபடி அசையாமல் இருந்தாள். டேனியல் ஒரு வாய் களியை எடுத்து, குழம்பில் தோய்த்து, விழுங்கினான்.

"சொல்லுங்க பாய். நான் ஒக்காந்தே கேக்கறேன். கேட்டுட்டு, ஏன்னு கேப்பேன். அதுக்கு நீங்க பதில் சொல்லணும். அதுக்கப்பறமும் இங்கதான் ஒக்காந்திருப்பேன்."

"நானும்தான்" என்றாள் அமிர்தவள்ளி.

இஷ்தியாக் பாய் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உப்புப் பூத்த சுவரைப் பார்த்தார். கீழே கிடந்த டேப்பை எடுத்து ஃபைஸான் மடியில் போட்டார். பிறகு தட்டை அமிர்தவள்ளி பக்கம் நீட்டினார்.

"கொழம்பு ஊத்து மா" என்றார். "கத்திரிக்காயா பாத்துப் போடு."